வழிகாட்டி மதிப்பு ஏறினால் வீட்டு விலை ஏறுமா?

உச்சிப்புளியில் இருக்கும் என் சித்தி போன் செய்தால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். 2024 ஜூலை முதல் வாரத்தில் மட்டும் அதைக் கேட்கவில்லை. "ஏப்பா, கவர்மெண்டு இடத்து விலையை ஏத்திருச்சாம்ல, நம்ம வீடு இப்ப எம்புட்டுப்பா போகும்?" என்றார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அதே வாரம் ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த தரகர் ஒருவர் டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "ஏத்திட்டாங்க அண்ணே, இனி ஒரு பார்ட்டி வராது."

ஒரே செய்திதான். சித்திக்கு லாபமாகத் தெரிந்தது, தரகருக்கு நட்டமாகத் தெரிந்தது. உண்மையில் அரசு அன்று இடத்தின் விலையைத் தொடவே இல்லை. அது மாற்றியது வழிகாட்டி மதிப்பு என்ற வேறொரு எண்ணை. இந்த இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி, சாயல்குடி வரைக்கும் எல்லா டீக்கடையிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மகமைப் பலகை

ஒரு மீனவக் கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கரைக்கு வரும் ஒவ்வொரு வலை மீனும் ஏலம் போகிறது. விற்ற பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஊர்க் கமிட்டி மகமை வாங்குகிறது. எவ்வளவுக்கு விற்றது என்று விற்றவரையே கேட்டால் என்ன ஆகும்? ஆயிரத்துக்கு விற்றவர் அறுநூறு என்பார். அடுத்தவர் ஐந்நூறு என்பார். கொஞ்ச நாளில் ஊரில் மீனே மலிந்துவிட்டது போலக் கணக்கு சொல்லும்.

அதனால் கமிட்டி ஒரு பலகை வைக்கிறது. "நண்டுக்கு கிலோ குறைந்தது 300 என்று வைத்துத்தான் மகமை." நீங்கள் 250க்கு விற்றாலும் 300க்குத்தான் கணக்கு. 400க்கு விற்றால் 400க்கே கணக்கு. அந்தப் பலகை நண்டின் விலையைத் தீர்மானிப்பதில்லை. வாங்க வந்தவர் நண்டைப் பார்த்துதான் கேட்பார், பலகையைப் பார்த்தல்ல.

வழிகாட்டி மதிப்பு இந்தப் பலகைதான். தமிழ்நாடு பதிவுத்துறை தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு எழுதி வைத்திருக்கிறது. வீடோ மனையோ கிரயம் ஆகும்போது, பத்திரத்தில் எழுதிய விலை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். முத்திரைத் தீர்வை என்பது சொத்து கைமாறுவதற்கான வரி. பதிவுக் கட்டணம் என்பது அந்தக் கைமாற்றத்தை அரசுப் புத்தகத்தில் ஏற்றுவதற்கான கூலி. இரண்டையும் வழக்கத்தில் வாங்குபவர்தான் கட்டுகிறார்.

பலகையில் இருப்பது அநியாயம் என்று வாங்குபவர் நினைத்தால் குறைந்த மதிப்பில் பதியக் கேட்கலாம். அப்போது பத்திரம் மாவட்டத்தின் முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியரிடம் போகும். அவர் இடத்தைப் பார்த்து மதிப்பைச் சொல்வார். பத்திர ஆபீஸ் வாசலில் "47ஏ-க்குப் போயிருச்சு" என்று சொல்வார்களே, அது இதுதான். பெயரே சொல்வதுபோல வழிகாட்டி மதிப்பு வழிகாட்டத்தான் செய்கிறது, முடிந்த முடிவு அல்ல.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினால், பலகை ஏறினால் ஏறுவது மகமை. நண்டு விலை சந்தையின் கையில்.

பலகை ஏறி இறங்கிய கதை

எட்டு வருடத்தில் இந்தப் பலகையைப் பல தடவை அழித்து எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் யாருக்கு என்ன ஆனது என்று புரியும். பெரியபட்டினம் பக்கம் ஒரு மனை, அதன் வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொகை கற்பனைதான், விகிதங்கள் உண்மை.

2017 ஜூன் 8 வரை முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆக 80,000 ரூபாய். மறுநாள், ஜூன் 9-ல், வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியது. மதிப்பு 6,70,000 ஆனது, விகிதம் 11 சதவீதம் ஆனது. கட்ட வேண்டியது 73,700. "குறைச்சுட்டாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு.

ஆனால் உண்மையாகவே 10 லட்சத்துக்கு வாங்கி, அதை அப்படியே பத்திரத்தில் எழுதியவர் என்ன கட்டினார்? 10 லட்சத்துக்கு 11 சதவீதம், 1,10,000. முன்பைவிட 30,000 கூடுதல். உண்மையை எழுதியவருக்கு அபராதம் போட்ட மாதிரிதான் எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது. பலகையைத் தாழ்த்தி விகிதத்தை ஏற்றினால், பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கத்தான் ஆசை வரும்.

2023-ல் அதைத் திருப்பினார்கள். ஏப்ரல் 1 முதல் மதிப்பு பழைய 2017 ஜூன் 8 அளவுக்கு ஏறியது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. நம் பெரியபட்டினம் மனைக்கு 9 சதவீதம், 90,000. பலகைப்படி பதிந்தவருக்கு 16,300 கூடுதல். உள்ளதை எழுதியவருக்கு 20,000 மிச்சம்! ஒரே உத்தரவுதான், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர் திட்டினார், ஒருவர் வாழ்த்தினார்.

அப்புறம் 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மதிப்பு ஏற்றத்தை ரத்து செய்தது. மதிப்பை மாற்றுவதற்கென்று விதிகள் இருக்கின்றன, மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், அதைச் செய்யாமல் ஒரு சுற்றறிக்கையால் ஏற்றியது செல்லாது என்பது தீர்ப்பு. அதன் பிறகு நடைமுறைப்படி திருத்தி, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகளை அமலாக்கினார்கள். சித்தியின் போன் வந்தது அப்போதுதான்.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சலுகையும் வந்தது. பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வீட்டுக்காரருக்கு எங்கே சுடும்?

விற்காமல் குடியிருப்பவருக்கு வழிகாட்டி மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆவது விற்கும்போதும் எழுதிக் கொடுக்கும்போதும்தான்.

விற்கும்போது வருமான வரி குறுக்கே வருகிறது. ஒரு சொத்தை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மூலதன ஆதாயம், அதற்கு வரி உண்டு. விற்ற விலை என்று வரித்துறை எதை எடுத்துக்கொள்ளும் என்பதில்தான் விஷயம். உங்கள் கைக்கு வந்த பணத்தைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாகக் கணக்கு.

நம் கரையில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. ஈசிஆர் சாலையை ஒட்டிய இடத்துக்கு ஒரு மதிப்பு போடுகிறார்கள். அதே சர்வே எண்ணில் உள்ளே தள்ளி, உப்பு பூத்து, சீமைக்கருவேலம் மண்டிய மனைக்கும் அதே மதிப்பு. அதை 10 லட்சத்துக்குக் கேட்கவே ஆள் இல்லை, பலகையில் 12 லட்சம். 10 லட்சம் வாங்கியவர் 12 லட்சத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வாங்கியவரும் தப்பவில்லை. அந்த 2 லட்சத்தை அவருக்கு வந்த வருமானமாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். 'வழிகாட்டி மதிப்பு கூடினால் நமக்கு நல்லதுதானே' என்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

சவுதியிலும் துபாயிலும் சம்பாதித்து ஊரில் இடம் வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. அவர்களிடம் "பத்திரத்தில் கம்மியா போட்டுக்கலாம் பாய்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். நாளைக்கு அதே இடத்தை நியாயமான விலை எழுதி விற்கும்போது, வாங்கிய விலை என்று காட்ட அந்தச் சின்னத் தொகைதான் இருக்கும். ஆதாயம் ஊதிப் பெரிதாகும். அன்று தீர்வையில் மிச்சம் பிடித்தது, பின்னால் வருமான வரியாகத் திரும்பி வரும்.

குடும்பத்துக்குள் எழுதிக் கொடுப்பது தனிக் கணக்கு. கீழக்கரையில் கல்யாணமாகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது காலம் காலமாக உள்ள வழக்கம். பெற்றோர் மகளுக்குப் பணம் வாங்காமல் எழுதுவது தானசெட்டில்மெண்ட் பத்திரம். இதற்கு 9 சதவீதம் கிடையாது. முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிலும் அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை 10-க்கு முன் இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. உச்சவரம்பு இருப்பதால், பெரிய வீட்டுக்கு வழிகாட்டி மதிப்பு எவ்வளவு ஏறினாலும் இந்தச் செலவு ஓர் அளவோடு நின்றுவிடும்.

தரகருக்கு என்ன?

தரகரின் கமிஷன் பேசி முடித்த விலையின் மேல், 1 சதவீதமோ 2 சதவீதமோ. பலகைக்கும் அவருக்கும் நேரடி உறவு இல்லை. அவரை அடிப்பது வேகம். மதிப்பு ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் பேசி வைத்த பார்ட்டிகள் எல்லாம் முந்திக்கொண்டு ஓடி வருவார்கள், பத்திர ஆபீஸில் டோக்கன் கிடைக்காது. தேதி கடந்ததும் சத்தமே இருக்காது. மூன்று மாத வியாபாரம் மூன்று வாரத்தில் முடிந்துபோய், மீதி நாளுக்கு வேலை இல்லை. 2024-ல் ஜூலை 1-ல் புதிய மதிப்பு, ஜூலை நடுவில் ஆடி பிறப்பு. ஆடியில் யார் கிரயம் எழுதுவார்? டீக்கடைத் தரகர் தலையில் கைவைத்ததற்குப் பாதிக் காரணம் அரசு, பாதிக் காரணம் பஞ்சாங்கம்.

கடற்கரைக்கு மட்டும் உள்ள கோடு

இதுவரை பேசியது பணம். இனி வருவது அனுமதி. பணத்தில் ஏற்பட்ட இழப்பைச் சமாளிக்கலாம், அனுமதி இல்லாத இடத்தை வாங்கினால் சமாளிப்பது கடினம்.

ராமநாதபுரத்துக்காரருக்குக் கண்மாயை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். வெடித்துக் கிடக்கும்போது அதற்குள் யாராவது வீடு கட்டினால், தண்ணீரின் இடத்தில் கட்டுகிறான் என்று ஊரே சொல்லும். தண்ணீர் இன்று எங்கே நிற்கிறது என்பது கணக்கில்லை, எதுவரை ஏறும் என்பதே கணக்கு.

கடலுக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் அதிகபட்சமாக ஏறும் எல்லையை உயர் ஓதக் கோடு என்கிறார்கள். அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை உள்ள பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டலம். சுருக்கமாக சிஆர்இசட். மத்திய அரசின் அறிவிக்கை இது. 1991-ல் முதலில் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது.

2011 அறிவிக்கைப்படி, ஊரகக் கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே முறைப்படி இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், இடித்து அதே அளவில் கட்டலாம், பெரிதாக்க முடியாது. மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் அனுமதி பெற வழி உண்டு. பவளப்பாறை, காரங்காட்டில் இருப்பதுபோன்ற அலையாத்திக் காடு இவையெல்லாம் இன்னும் கடுமையான வகைக்குள் வரும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "பட்டா இடம்ண்ணே, பத்திரமும் ஆயிருச்சு, அப்புறம் என்ன?" பட்டா என்பது நிலம் யாருடையது என்று வருவாய்த்துறை சொல்வது. பத்திரம் அது எப்படிக் கைமாறியது என்று சொல்வது. அங்கே கட்டலாமா என்று இரண்டுமே சொல்லாது. சிஆர்இசட் உங்கள் நிலத்தைப் பிடுங்குவதில்லை, அதில் என்ன செய்யலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆக, சட்டப்படி உங்களுக்கே சொந்தமான, வில்லங்கம் ஏதும் இல்லாத, ஆனால் ஒரு செங்கல் வைக்க முடியாத மனை இருக்க முடியும். "கடலுக்கு 150 மீட்டர்தான்" என்று விளம்பரப் பலகையில் போடுகிறார்களே, கிராமக் கரையில் அது சிறப்பு அல்ல, எச்சரிக்கை.

"அதெல்லாம் 50 மீட்டராக் குறைச்சுட்டாங்க" என்று பதில் வரும். பாதி உண்மை. 2019 அறிவிக்கை ஊரகக் கரையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியில்தான் 50 மீட்டர். மற்ற இடத்தில் அதே 200 மீட்டர். நம் மாவட்டத்தின் சராசரி அடர்த்தி அந்தக் கணக்கெடுப்பில் சுமார் 330. நெருக்கமான சில குடியிருப்புகள் தவிர, இந்தக் கரையின் பெரும்பகுதி 50 மீட்டர் சலுகைக்குப் பக்கத்தில்கூட வராது. தவிர, 2019 விதிகள் ஓரிடத்துக்குப் பொருந்த வேண்டுமானால், அதன்படி வரைந்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011 வரைபடம்தான் பேசும்.

வீட்டுக்காரருக்கு இதில் ஒரு நுணுக்கம். கரையோரத்தில் தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகை, அந்த இடத்தை வாங்கும் மதுரைக்காரருக்குத் தானாகப் போய்ச் சேராது. எனவே அதே இடம் உங்களுக்கு வீடு, வாங்குகிறவருக்கு வெறும் மணல். விலை பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும். பழைய வீட்டு வரி ரசீதையும் கட்டட அனுமதியையும் பத்திரமாக வைத்திருப்பவர்தான் நாளைக்கு 'இது முன்பே இருந்த வீடு' என்று காட்ட முடியும்.

சுருக்கம்: உரிமை வேறு, கட்டும் அனுமதி வேறு. முதலாவதற்குப் பத்திர ஆபீஸ், இரண்டாவதற்கு வரைபடம்.

அப்ரூவலும் ரெராவும்

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு வந்த விதிகளில் 2016 அக்டோபர் 20 என்பது எல்லைத் தேதி ஆனது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கலாம், வீடு கட்ட வரன்முறைப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். நாம் டிடிசிபி அப்ரூவல் என்பது அதைத்தான்.

ரெரா என்பது 2016-ல் வந்த மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 2017 மே முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 12 சென்டுக்குக் கொஞ்சம் அதிகமான இடத்தைப் பிரித்து விற்றால் அந்தத் திட்டத்தைப் பதிய வேண்டும். அதை விற்றுத் தரும் தரகரும் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விற்றால் தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மொத்தத்தில் அந்த மனை விலையின் 5 சதவீதம் வரை போகலாம். 2 சதவீதக் கமிஷனுக்கு 5 சதவீத அபராதம் என்பது எந்தத் தரகருக்கும் கட்டுப்படியாகாது. விற்பவர், பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் இதில்தான் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஒருவர் தான் குடியிருந்த பழைய வீட்டை விற்பதற்கு ரெரா தேவையில்லை. அதற்கும் ரெரா எண் கேட்டுத் தரகரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பு, உத்தரவு, அமல்

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அடுத்த மாதம் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தது. பாலம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. விமான நிலையம் அறிவிப்பு நிலையில். பல தரகர்களின் வாயில் இரண்டுக்கும் ஒரே விலை.

ஓர் அறிவிப்பு மேடையிலோ சட்டமன்றத்திலோ சொல்லப்படுகிறது. அதன்பின் அரசாணையோ அறிவிக்கையோ வர வேண்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று இருக்கும். அதற்குப் பிறகும் நீதிமன்றம் நிறுத்தலாம், 2024-ல் நிறுத்தியதுபோல. எனவே "கவர்மெண்டு மாத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியது உத்தரவையும் அதன் தேதியையும். நல்ல தரகர் போனிலேயே எடுத்துக் காட்டிவிடுவார். சிலர் காட்டியும் இருக்கிறார்கள்.

சரி, சித்தி. பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைக் காசில்லாமல் பார்க்கலாம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், பிறகு தெரு அல்லது சர்வே எண். பார்த்துச் சொன்னேன், 18 லட்சம் சொச்சம். "அந்த விலைக்கு விக்கிறதுன்னா வாங்குறவங்களுக்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல செலவு சித்தி" என்றேன். அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். விற்பதற்காகக் கேட்கவில்லையாம், மகள் பெயருக்கு எழுத வேண்டுமாம். தீர்வை 18,000, பதிவுக் கட்டணம் உச்சவரம்பில் 10,000, சில்லறைச் செலவு தனி என்று கணக்குச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? அப்ப ஆடி முடியட்டும்ப்பா, ஆவணியில எழுதிக்கிறலாம்" என்றார்.